மூன்றாம் முறை

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு
நான் அமெரிக்கா நடத்துகிறேன்.

முப்பத்தோராண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
இலக்கணம் எனக்கும் அரைகுறைதான்.
பன்றி ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து,
எத்தனை சோப்புக்கும் போகாத வாடையோடு
வந்து உட்காருவார்கள் பதினொரு பேர்.

எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால்
நலம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.
ஸா கிளேர் வலது கையை விரித்துக் காட்டினார்:
கத்தி பிடித்துப் பிடித்து மடங்கிப்போன இரண்டு விரல்.
'இதற்கும் நலமா?'
இதற்கும்தான்.
கேட்டவர் அதற்குள் கதவைத் தாண்டியிருப்பார்.

உங்கள் குழம்பை ருசித்து
'வித்தியாசமாக இருக்கிறதே' என்றால்
தயவுசெய்து இன்னொரு கரண்டி ஊற்றாதீர்கள்.
'ஒருநாள் வீட்டுக்கு வாங்க' என்றால்
அந்த ஒருநாள்
மினசோட்டாவின் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.
தொலாசா சிரித்தார். ஏற்கெனவே
ஒரு வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார் போல.

காபி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம்.
இரண்டாம் முறையும் வேண்டாம்.
மூன்றாம் முறை கேட்டால்
'சரி, கொஞ்சமாக.'
எவுலாலியா இதை நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டாள்.

அன்று நான் கொண்டுபோன எலுமிச்சை கேக்கில்
ஒரு துண்டு மிஞ்சியது.
இங்கே கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள்,
பாதியாக வெட்டுவார்கள்,
பாதியைப் பாதியாக,
கடைசியில் கத்தியில் ஒட்டியதுதான் தட்டில் இருக்கும் என்றேன்.
'எங்கள் ஊரில் நவம்பரில்
இறந்தவர்களுக்கு வைப்போம்' என்றாள் எவுலாலியா.
'இங்கே யாருக்கு வைக்கிறீர்கள்?'

நாற்பது வருடம் தட்டில் விட்டுவந்திருக்கிறேன்.
யாருக்கென்று தெரியவில்லை.
மரியாதை என்று போர்டில் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

ஜனவரியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி
மணிக்கட்டு முறிந்தது.
இடது பக்கத்து வீட்டார்
'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்றார்கள்.
வலது பக்கத்து வீட்டாரும்
அட்சரம் பிசகாமல் அதையே.
நலம் என்றேன்.
இருபுறமும் கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டன.
யார்மேலும் குற்றமில்லை,
பாடம் அப்படித்தான்.

வியாழன் காலை ஐந்து மணி, கும்மிருட்டு,
கதவு தட்டும் சத்தம்.
ஆலைச் சீருடைமேல் இரண்டு கோட்டு,
கையில் பனி தள்ளும் மண்வெட்டி.
'டீச்சர், பனி தள்ளட்டுமா?'
ஐயோ, வேண்டாம்மா.
'தள்ளட்டுமா?'
வேண்டாம், உனக்கு ஷிப்ட் இருக்கிறது.

அவள் போகவில்லை.
கையுறையைக் கழற்றினாள்.
ஒன்று, இரண்டு என்று மடக்கி
மூன்றாம் விரலை நீட்டியபடி
என் முகத்தையே பார்த்தாள்
தேர்வு எழுதுகிறவளைப்போல.

'தள்ளட்டுமா, டீச்சர்?'

உப்பு வாளி
கராஜில் இருக்கிறது என்றேன்.