மூடி

கால்வே கண்காட்சிக் கூடத்தில்
கழுத்தில் பெயர்ப்பட்டை தொங்க
மூன்று நாள் நின்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன.
மழையில் நனைந்த கோட்டுப் பையில்
பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன:
டப்ளின் முதலீட்டாளரின் முதுகில்
லிமெரிக் பிளாஸ்டிக் வார்ப்பாளர்.
பிரித்தால் இருவர் பெயரும் கிழியும்.

எங்கள் பொருளும் அப்படித்தான்.
மூட்டுவாத மருந்தும் ஊசிக்குழலும் ஒரே உடம்பு.
மருந்துக்காரர்கள் அதைக் கருவி என்கிறார்கள்,
கருவிக்காரர்கள் மருந்து என்கிறார்கள்.
இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி,
எந்த வீட்டிலும் இலை போடவில்லை.

பதினெட்டு மாதம் குளிரறையில் வைத்துப் பார்த்ததில்
ரப்பர் அடைப்பு மருந்தைக் கொஞ்சம் குடித்திருந்தது.
ஃபியாக்ரா அதை வரைபடத்தில் காட்டியபோது
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறங்கிக்கொண்டே போனது கோடு.

கடைசி நாள், காபி வரிசையில்
சுருள்வில் செய்கிற டோனல் மக்ஹேல்
"கொடுங்கள், பார்ப்போம்" என்றார்.
வில்லைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன்.
மூடியைத் திருகினார்.
மறுபடியும் திருகினார்.
வீங்கிய விரல் கணுக்கள் வெளுத்தன.
பின்பு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
பல்லால் கடித்தார்.

என்னிடம் அட்டை கிடையாது என்றார்.
காகிதக் கோப்பையில் எண்ணைக் கிறுக்கினார்.
கடைசி இலக்கம் ஏழா, ஒன்றா?

இரவு ஏழு என்று வாசித்து அழைத்தேன்:
மீன்கடை, மூடப்போகிறோம் என்றார்கள்.
ஒன்று என்று வாசித்தேன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை அந்தக் குரல்:
"வில் நன்றாகத்தான் இருக்கிறது.
அந்த ஊசி யாருக்கோ
அவர் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா, ஒரு தடவையாவது?"