மைப்பெட்டி வறண்டிருந்தது

போன ஆண்டுக் குருத்தோலைகளைப்
பால்மாவு டின்னில் போட்டு எரித்தது நான்தான்.
மாதர் சங்கக் கணக்கும் என்னிடம்,
சாம்பலும் என்னிடம்.
நன்றாக எரிந்தன.
ஓராண்டு சிலுவைக்குப் பின்னால் செருகிக் கிடந்து
ஊர்த் தூசியை முழுக்கக் குடித்திருந்தன.

கசாங்குவில் ஈயம் தோண்டியவர்கள்
நான் பிறக்கும் முன்பே மூட்டை கட்டிவிட்டார்கள்.
கறுப்பு மேட்டை மட்டும்
எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.
அதன்மேல் எங்கள் பையன்கள் பந்தாடுகிறார்கள்.
ஆகஸ்ட் காற்றில் மேடு எழுந்து வந்து
காயவைத்த சோளமாவின் மேல் உட்காரும்,
அழைத்த விருந்தாளி மாதிரி.

மருத்துவமனையில் சொன்னார்கள்:
குழந்தையை மண்ணில் விடாதீர்கள் அம்மா,
கை கழுவச் சொல்லுங்கள்,
முற்றம் பெருக்குங்கள்.
பெருக்கினேன். மூன்று வேளையும்,
தண்ணீர் தெளித்து.
என் சிலேஷேவின் இரத்தத்தில் அறுபத்தொன்று.
ஐந்தைத் தாண்டக் கூடாதாம்.
பள்ளியில் எந்தப் பாடத்திலும்
அவன் அறுபத்தொன்று வாங்கியதில்லை.

சாம்பல் புதன். வெளியே மழை.
கபாம்ப்வே சுவாமி தொட்டுத் தொட்டு
ஒவ்வொரு நெற்றிக்கும்
மண்ணாய் வந்தாய், மண்ணாய்ப் போவாய் என்று
சொல்லிக்கொண்டே வந்தார்.
என் முறை முடிந்தது.
சிலேஷே தலையை நிமிர்த்தினான்:
"எந்த மண் சுவாமி? நம்ம மண்ணா?"

விரல் அந்தரத்தில் நின்றது.
பாடகர்கள் ஒரே அடியை
இரண்டு முறை பாடினார்கள்.
சுவாமி இருமினார்.
குனிந்து, ஒன்றும் சொல்லாமல்
அவனுக்குச் சிலுவை வரைந்தார்.
அடுத்தவளுக்கும் சொல்லவில்லை.
அன்று எங்களில் பாதிப்பேர்
வாக்கியம் இல்லாத சாம்பலோடு நின்றோம்.

கடைசி ஆசீரும் இல்லை.
"பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் விசாரணை.
மேட்டை மறுபடி தோண்ட
ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது.
மறுப்பவர்கள் நேரில் வரவேண்டுமாம்.
ஆசீரை அங்கே தருகிறேன்" என்றார்,
காணாமற்போன குடையைப் பற்றி
அறிவிப்பதுபோல.

ஒரு கையால் நெற்றிக்குக் கூரை பிடித்தபடி
இரண்டு மைல் நடந்தோம்.
லாரிக்காரர்கள்
வெயிலே இல்லாத நாளில் இவர்கள்
எதைப் பார்க்கக் கண்ணை மறைக்கிறார்கள் என்று
வேகம் குறைத்துப் பார்த்தார்கள்.

எழுத்தர் சிமுகோண்டா நல்லவர்தான்.
நாற்காலி போட்டார். படிவம் தந்தார்.
"கையெழுத்துப் போடுபவர்கள் போடலாம்.
கைநாட்டு என்றால் நாளை வாருங்கள்.
மைப்பெட்டி வறண்டுவிட்டது."
"கடைசி நாள் எது?"
"இன்றுதான்."

நாம்விங்கா கருவாடு விற்பவள்.
எழுத்தோடு அவளுக்குப் பகை இல்லை,
பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.
கையை ஓங்கினாள்.
அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
தன் நெற்றியைத் தொட்டாள்.
சிலுவையின் குறுக்குக் கட்டையைக்
கட்டைவிரலால் வழித்தெடுத்து
தாளில் வைத்து அழுத்தினாள்.
ஒரு ரேகை விடாமல் விழுந்தது.

"இது மை இல்லையே" என்றார் எழுத்தர்.
"இங்கே முளைத்த ஓலை" என்றாள்.
"சோதித்துப் பாருங்கள்.
உங்கள் கம்பெனி தேடுவதும்
இதில் இருக்கும்."

எனக்கு எழுதத் தெரியும்.
ஏழாம் வகுப்பு, அழகான கையெழுத்து.
பேனாவை மூடி வைத்தேன்.
என்னைப் பார்த்து ஆசிரியை கசோண்டேயும் மூடினாள்.
நாற்பத்து மூன்று விரல்கள்.
கடைசியாகச் சுவாமி;
மற்றவர்களுக்கு இட்டுவிட்டதில்
அவர் நெற்றி வெறுமையாக இருந்தது.
சிலேஷே தன்னுடையதிலிருந்து
கொஞ்சம் கொடுத்தான்.

படிவங்களைக் கோப்பில் வைத்துக் கட்டினார்கள்.
என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.
ஐந்து மணிக்கு,
ஜீப் நிறுத்துமிடத்தில், சேற்றில் நின்று
பூசையின் மிச்சத்தை வாங்கிக்கொண்டு
கலைந்தோம்.

இரவில் அவன் நெற்றியைக் கழுவினேன்.
கிண்ணத்துத் தண்ணீர் சாம்பலானது.
வாசல்வரை கொண்டுபோனேன்.
முற்றம் கிடந்தது,
காலையில் பெருக்கிய கோடுகளை
மழை பாதி அழித்திருந்தது.
இதை எங்கே ஊற்றுவது?
கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தேன்,
அது நிரம்பிக்கொண்டிருந்தது.