ஒன்பது வோல்ட்

கர்லிங் கிளப் மாடியில் கல்யாண நடனம்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
வேனில் நாலு மணிநேரம் விறைத்துக் கிடந்த கிட்டாரை
உள்ளே வந்ததும் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது.
தண்டர் பே ஊரில் இது எல்லாருக்கும் தெரியும்.
எடுத்துவிட்டேன். மணமகள் படியேறிக்கொண்டிருந்தாள்.

சூடு ஏற ஏற
பேஸின் நாலு கம்பியும் இளகிக் கீழிறங்கும்.
ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில்.

காலடியில் ட்யூனர். சோப்புக் கட்டி அளவு,
இரும்பு உடம்பு.
மிதித்தால் ஆம்ப் வாயை மூடிக்கொள்ளும்,
என் கண்ணுக்கு மட்டும் ஒரு வரிசை விளக்கு.
இடப்பக்கம் சிவந்தால் குறைச்சல்.
வலப்பக்கம் சிவந்தால் மிஞ்சல்.
நடுவில் பச்சை.
இருநூறு பேர் கூடிய இடத்தில்
ஒருவர் காதிலும் விழாமல்
தப்பாக இருந்து, திருத்திக்கொண்டு, எழுந்துவர
ஒரு மறைவு.
என் வீட்டில்கூட எனக்கு அப்படி ஒன்று கிடையாது.

சுவர்க் கரண்டில் மாட்டலாம்.
மாட்டினால், கீழே பனித்தளத்தை உறையவைக்கும் கம்ப்ரஸர்
என் ஸ்பீக்கருக்குள் வந்து முனகும்.
ஆகவே பேட்டரி.

மூன்றாவது பாட்டு முடிந்து மிதித்தேன்.
பச்சை ஒரு தரம் சிமிட்டியது.
பிறகு எதுவும் இல்லை.
மறுபடி மிதித்தேன். கம்பியைத் தட்டினேன்.
ஆம்பிலும் எதுவும் இல்லை.
அது உயிரோடிருந்தால்தான்
அதன் வழியே நான் போக முடியும்.

போன சனிக்கிழமை வொயரைப் பிடுங்காமல்
பையில் போட்டிருக்கிறேன்.
வொயர் செருகியிருக்கும்வரை அது தூங்காது.
ஏழு நாள், இருட்டில், கண்கொட்டாமல்,
யாராவது வாசிப்பார்கள் என்று
காது கொடுத்தபடியே கிடந்திருக்கிறது.

ரைய்யா மைக்கைப் பிடித்து
மாப்பிள்ளையின் மாமாவிடம்
ஏரியில் இந்த வருஷம் ஐஸ் எத்தனை அங்குலம் என்றாள்.
அவர் சொல்ல ஆரம்பித்தார்.
டிரம்ஸில் டார்சியைக் காணோம்.

வொயரை நேரே ஆம்பில் குத்தினேன்.
ஓஸ்மோ அக்கார்டியனைத் திறந்து
ஒரு ஏ கொடுத்தார்; அதை விடாமல் பிடித்திருந்தார்.
ஒளிய இடமில்லை.
என் ஏ-யும் அவர் ஏ-யும் உரசிக்கொண்டு
கூடமே பல் கிட்டித்தது போல் அதிர்ந்தது.
முறுக்கினேன்.
அதிர்வு அலையாயிற்று,
அலை நடையாயிற்று,
நடை தயங்கி
நின்றது.
பேசிக்கொண்டிருந்த மாமாவும் நின்றார்.
மேஜைக்கடியிலிருந்து ஒரு குழந்தை கைதட்டியது.

மற்ற மூன்றையும் அப்படியே.

டார்சி வந்து பேட்டரியை என் உள்ளங்கையில் அழுத்தினான்.
எங்கே கிடைத்தது?
கேட்காதே.
நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரீரென்றது.
பச்சை விளக்கு திரும்பி வந்தது,
நான் மறைவுக்குள் போனேன்,
நள்ளிரவுவரை ஒழுங்காக வாசித்தோம்.

ஒழுங்காக என்றால்,
நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்கிருந்தோ
'கீச்' என்று ஒரு சத்தம்.
டார்சி அதை மட்டும் தாளத்தில் அடக்கப் பார்த்தான்.
ஜி-க்கு ஒரு மயிரிழை தாழ்வு.
அதைத் திருத்த என்னிடம் திருகாணி இல்லை.

ஒரு மணிக்கு மேல்
பெண்கள் கழிவறைக்கு வெளியே
நாற்காலி மேல் டார்சி,
கூரையில் புகை அலாரத்தின் வாய் திறந்திருக்கிறது.
நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது
மணமகள் அய்லி. செருப்பில்லை.
வெள்ளை உடையின் ஓரமெல்லாம் பீர்.
பேட்டரியைக் கழற்றி நீட்டினேன்.
பொருத்தினான். கீச் ஓய்ந்தது.

நடுவில் ஒன்று வாசித்தீர்களே, என்றாள் அய்லி,
பாட்டே இல்லாமல்,
ஒரே சத்தம் வந்து வந்து
கடைசியில் ஒட்டிக்கொண்டதே.
அது பேரென்ன?

ஏ, என்றேன்.

ஏ-க்கு அப்புறம்?

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு
மேடைக்கு வந்தேன்.
வொயரைப் பிடுங்கினேன்.
பிடுங்கிவிட்டேனா என்று
வேனில் ஏறியபிறகு ஒரு தரம்,
ஆர்தர் தெரு சிக்னலில் ஒரு தரம்,
பையைத் திறந்து பார்த்தேன்.