ஒரு றாத்தல் காற்று

ஹட்டனில் கண்டக்டர் மறித்தான்.
"கேஸ் ஏத்த ஏலாது."
கேஸ் இல்லை, காற்று என்றேன்.
பெரியது ஒன்று, குட்டி ஒன்று,
இரண்டும் திருகோணமலையில் நிரப்பியவை.
அவன் வெளியே கையைக் காட்டினான்.
மல்லியப்பூ பக்கமிருந்து அடித்த காற்றில்
டிக்கெட் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன.
"இங்க இல்லாத காத்தா?"
பஸ் முழுக்கச் சிரித்தது.
இரண்டுக்கும் அரை டிக்கெட் எடுத்தேன்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தில்
மீனவர் சங்கத்துக்கு வலை எடுக்கிறேன்.
மூழ்கிய சவுக்கு மரங்களில் மாட்டிக்கொண்டு
ஆளில்லாமலே மீன் கொல்லும் வலைகள்.
ஒரு வலைக்கு இவ்வளவு என்று பேச்சு.
முன்பு நிஸ்தாரும் நானும்.
அவன் காற்று தீர்ந்தால் என்னிடம்,
என்னுடையது தீர்ந்தால் அவனிடம்.
கட்டாருக்குப் போய்விட்டான், கப்பலடி ஒட்ட.
இப்போது இடது விலாவோடு
மூன்று லீட்டர் குட்டி சிலிண்டர்.
பாதிக் காசு கேட்காது.
கடலை முழுக்கத் தின்றுவிட்டு
வெறுஞ்சுருளை நீட்டாது.
ஆனாலும் சேற்றுக்குள்ளிருந்து
அவன் கைலாம்பு மஞ்சளாக வருமே,
அப்படி எதுவும் வராது.

சங்கச் செயலாளர் புண்ணியமூர்த்தி கேட்பார்:
"பெரிசுலயே மிச்சம் வருது,
சின்னத ஏன் சுமக்கிற?"
முப்பத்தெட்டு முறை
நியாயம் அவர் பக்கமே இருந்தது.

மின்சார பில்லின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
இருநூறு பார், மூன்று லீட்டர், பதினேழு மீற்றர் ஆழம்,
மலையின் உயரத்துக்குக் கொஞ்சம் கழித்து.
அமைதியாக இருந்தால் பத்து நிமிடம்.
பயந்தால் ஐந்து.
நான் எந்த ஆள் என்பது
பில்லில் இல்லை.

அதனால் அடுப்படியில் பழகினேன்.
கண்ணை மூடி, மூச்சை முழுக்க வெளியே விட்டு,
தாடைக்குக் கீழே ரப்பர் வளையத்தில் தொங்கும்
இரண்டாவது வாயைத் தேடிக் கடிப்பது.
சுதர்சினி புளி கரைத்துக்கொண்டே எண்ணுவாள்.
"இப்ப செத்திருப்பீங்க" என்பாள் நாலில்.
பிறகு மூன்றில் வந்தது.
பிறகு ரெண்டில்.

முப்பத்தொன்பதாவது முறை
வலையை அறுத்துக்கொண்டிருந்தேன்.
பழைய மஸ்கெலியாவின் ஏதோ ஒரு சுவர்
முழங்காலில் இடித்தது.
சேறு கிளம்பி, தண்ணீர்
பால் விடாத தேத்தண்ணி நிறமானது.
தலைக்குப் பின்னால் ஒரு சீறல்.
உறிஞ்சினேன்:
பாதி காற்று, பாதி குளம்.
மறுபடி உறிஞ்சினேன்:
குளம்.

கடவுள் பேரெல்லாம் வரவில்லை.
சுதர்சினி எண்ணுகிற குரல்கூட வரவில்லை.
கைதான் போனது,
என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்.
கடித்தேன். ஊதினேன்.
ரப்பரும் துறைமுக டீசலும் மணக்கிற
திருகோணமலைக் காற்று.

மேலே வெளிச்சம் தெரிந்தது,
ஓடிப்போய்விடலாம் போல.
ஐந்து மீற்றரில் நின்றேன்.
நிற்கத்தான் வேண்டும், மலையில் கூடுதலாகவே.
நாலு நிமிடம்.
முள் நூறைத் தாண்டிக் கீழே இறங்கியது.
பக்கத்தில் ஒரு திலாப்பியா
வாயைத் திறந்து மூடித் திறந்து
கணக்கில்லாமல் செலவழித்துக்கொண்டிருந்தது.
நான் அடகுச் சீட்டின் திகதியை நினைத்தேன்.
பதினாலா, பதினாறா.
அதுதான் வந்தது.

படகில் புண்ணியமூர்த்தி:
"வலை?"
"கீழ."
"கத்தி?"
"கீழ."
"அப்ப காசு எப்பிடி?"
முகமூடியைக் கழற்றினேன்.
மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம்.
அவர் சாரத்தின் நுனியைக் கிழித்துத் தந்தார்,
பிறகு அந்தச் சின்னதை
மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர்.
குட்டியைத் தூக்கிக் கையில் நிறுத்துப் பார்த்தான்.
"காத்து போயிருச்சா? கனம் அப்பிடியே இருக்கே."
அப்படியே இல்லை.
நானூற்றைம்பது லீட்டர் குறைந்திருக்கிறது.
ஒரு றாத்தல் பாணின் எடை, கொஞ்சம் கூட.
சொல்லவில்லை.
ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன்.
நோர்வுட் தாண்டியதும்
பின் சீட்டுக்காரர் குளிருது என்றார்.
மூடினேன்.