செயப்பாட்டு வினை

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
வாடகை ஒப்பந்தம், பங்காளி வழக்கு, பேர் மாற்றம்,
எல்லாம் அதே விலைதான்.
மதுரை மாவட்ட நீதிமன்ற மதிலோரம்
இருபத்திரண்டு வருசமாய் அடிக்கிறேன்.
ஜெனீவாவுக்கு இதுவரை ஒன்றும் அடித்ததில்லை.

யோகமலர் உச்சப்பட்டி முகாமிலிருந்து வந்திருந்தார்.
ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும், ஆள் எண்ணுவார்கள்.
பையில் பதினோரு பக்கப் படிவம்,
தம்பி நிரோஜனின் படம் ஒன்று,
காது கொஞ்சம் விடைத்தபடி.

சம்பவ நேரம் கேட்டது படிவம்.
"சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார்.
காலை என்று போட்டேன்.
"இல்லை, அண்டைக்கு அரிசி பின்னேரம்தான் கிடைச்சது."
அழித்தேன்.
சம்பவ இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை.
"ஒரு பாலை மரம்" என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் அடித்து வைத்தேன்.

காணாமல் போனவர் என்று எழுதியதும்
திரையில் விரலை வைத்தார்.
"போகேல்லை ஐயா.
அவன் தானாப் போகேல்லை.
பஸ்ஸில ஏத்தினவை, நான் பாத்தனான்.
காணாமல் ஆக்கப்பட்டவர் எண்டு போடுங்கோ."
நாலு இடத்தில் திருத்தினேன்.
திருத்தத்துக்குக் காசு வாங்குவதுண்டு. கேட்கவில்லை.
அடுத்த வரி: பதில் எந்த மொழியில் வேண்டும்?
அதற்குத்தான் அவர் வெகுநேரம் யோசித்தார்.

நோட்டரி சாப்பிடப் போயிருந்தார்.
மூன்றேகாலுக்கு வந்து
காய்ந்த மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு
பக்கம் பக்கமாய் முத்திரை குத்தினார். படிக்கவில்லை.
"இது எந்தக் கோர்ட்டுக்கு?" என்று மட்டும் கேட்டார்.
யோகமலர் என்னைப் பார்த்தார்.
எனக்கென்ன தெரியும்?
அங்கே வாய்தா உண்டா,
எதிர்த்தரப்பு வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பா,
சம்மனை எடுத்துக்கொண்டு அமீனா
எந்தக் கப்பலில் ஏறுவார்.

தல்லாகுளம் தபால் நிலையத்தில் எடை போட்டார்களாம்,
எழுபத்திரண்டு கிராம்.
ரசீதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடினார்,
நான் கேட்டிருந்த மாதிரி.

அடுத்து உட்கார்ந்தவர் மேலூர் பக்கம், வீரணன்.
"எல்லைக்கல்லு காணாமப் போச்சுய்யா. அதுக்கு ஒரு மனு."
கை பழக்கத்தில் அடித்துவிட்டது:
காணாமல் ஆக்கப்பட்டது.

எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"அட, இதாய்யா சரி" என்றார்.
"ஆக்குனவன் பேரு அடுத்த வரியில வருமுல்ல?"