பதினொன்றாம் கல் இரண்டு

காங்கயம் உட்கோட்ட அலுவலகத்தில் பங்குனி மதியம்
மின்விசிறி அனலைத்தான் அள்ளிப் போடும்.
என் கணினியில் ஒரு சாலை திறந்து கிடக்கிறது.
வகை: இதர மாவட்டச் சாலை.
இதர.
எதிலும் சேராததை எழுதும் கட்டம்போல
என்று நினைத்திருந்தேன், வேலைக்கு வந்த புதிதில்.

பதிவேட்டின்படி இருபத்து மூன்று கிலோமீட்டர் நானூறு.
காரில் கருவி கட்டி ஓட்டிப் பார்த்த கம்பெனி
இருபத்து மூன்று நூற்றைம்பது என்று தந்திருக்கிறது.
நடுவில் இருநூற்றைம்பது மீட்டரை
யார் சுருட்டிக்கொண்டு போனார்கள்?

மென்பொருள் சிவப்பைக் காட்டிவிட்டு
அடுத்த பக்கம் வரமாட்டேன் என்கிறது.
எனக்கு முன்னால் இருந்தவர்
கடைசிக் கல்லை நகர்த்திக் கணக்கை நேர் செய்திருந்தார்.
ஒரு சுட்டு.
கடப்பாரை இல்லை, கூலி இல்லை.

சாலை ஆய்வாளர் நாச்சிமுத்துவின் மொபட்டில் போனேன்,
டேப்பின் ஒரு முனை எனக்கு, ஒரு முனை அவருக்கு.
10/3 சிறுபாலம், சரி.
10/4 குழாய்ப்பாலம்,
வாயில் வேலிக்கருவை, உள்ளே யாரோ போட்ட மெத்தை.
‘அடைப்பு உண்டா’ கட்டத்தில் ஆம்.
மெத்தைக்குக் கட்டம் கிடையாது.

அப்புறம் ஓரிடத்தில் நிறுத்தி, “இதுதானுங்க” என்றார்.
நேராக ஓடும் தாரிலிருந்து இடப்பக்கம் பிரிந்து
பனைகளை ஒட்டி வளைந்து
திரும்பவும் வந்து சேர்கிறது பழைய சாலை.
மூன்று லாரிகள் கவிழ்ந்த பிறகு
எட்டு வருசம் முந்தி வளைவை நிமிர்த்தினார்கள்.
பணி முடிந்தது, பில் பாஸ் ஆனது,
பதிவேட்டில் கழிக்க மட்டும் ஆளில்லை.

அதன்மேல் தேங்காய்ப் பருப்பு காய்கிறது.
நடுவெள்ளைக் கோடு இன்னும் அழியவில்லை.
கோட்டுக்கு அக்கட்டால ஒரு களத்தார்,
இக்கட்டால துளசிமணி.
“ரோடு வேணும்னா எடுத்துக்கோங்க,
மழைக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லீருங்க”
என்றார், பருப்பைப் புரட்டுவதை நிறுத்தாமல்.

வளைவின் நடுவில் கருப்புத் தலை உரிந்த
பழைய பதினொன்றாம் கல்.
புதிய சாலையில் புதிய பதினொன்று.
இடையில் ஒரு சோளக்காட்டு அகலம்.

“போன ஆடிக் காத்துல” என்றார் நாச்சிமுத்து,
டேப்பைச் சுருட்டியபடி.
புதுக் கல்லருகே ஒரு பையன் விழுந்து கிடந்தான்.
பார்த்தவர் நூற்றியெட்டுக்குச் சொன்னது பதினொன்றாம் கல்.
ஓட்டுநர் இந்தப் பக்கத்துக்குப் புதுசு,
படத்தில் இருந்த பதினொன்றுக்குப் போனார்.
தார்ப்பாய் போர்த்திய பருப்புக்கு நடுவே
விளக்குச் சுழலச் சுழல
ஏழு நிமிசம் நின்றது வண்டி.
டார்ச்சோடு காட்டுக்குள் புகுந்து ஓடி
இடம் காட்டியவர் துளசிமணி.
பையன் பிழைத்தான்,
காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறானாம்.

அந்தப் படம் எங்களிடமிருந்து போனது.

பொழுதோட அலுவலகம் திரும்பி
பழைய கல்லைத் தேடிப்பிடித்து ‘நீக்கு’ அழுத்தினேன்.
நிச்சயமா என்று கேட்டது
எட்டு வருசமாய் எதையும் கேட்காத மென்பொருள்.
நீளம் இருபத்து மூன்று நூற்றைம்பது. சிவப்பு போயிற்று.
குறிப்பில் ‘ஏழு நிமிசம்’ என்று போட்டேன்.
“இதென்னம்மா?” என்றார் உதவிப் பொறியாளர்.
சொன்னேன்.
அழிக்கச் சொல்லவில்லை.
“கல்லைப் புடுங்க எஸ்டிமேட் போட்டாச்சா?” என்றார்.

போட்டுப் பார்த்தேன்.
இல்லாத கல்லைப் பிடுங்கச் செலவு ஏற்க முடியாது
என்று வந்தது.

நாளை அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும்,
பிடுங்குவதற்காக.
அதுவரைக்கும் கல்லின் தலையில்
பருப்புச் சாக்கு ஒன்றைக் கவிழ்த்து
கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார் நாச்சிமுத்து.