அளவுப் புத்தகத்தில் ஒரு காலிக் கட்டம்

எண்ணூரில் சமுதாயக் கூடம்.
வரைபடத்தில், நுழைவாயிலுக்கு இடப்புறம்,
பன்னிரண்டுக்கு எட்டு அடியில்
ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருந்தோம்:
‘பழங்குடியினர் ஓவியம், தொகை தனி.’
இறாலும் படகும் அலையும் போட்ட
மாதிரிப் படம்கூடத்
தலைமை அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது.

தேசம்மா வந்தாள், கூடவே நாத்தனார் அமுலு.
வரைபடத்தைப் பார்க்கவில்லை.
அடுக்கியிருந்த செங்கல்லை நகத்தால் சுரண்டி
மோந்து பார்த்தாள்.
“இது ஆத்துல கொட்டின சாம்பல்தானே?”
ஆமாம்மா, சாம்பல் செங்கல்.
அனல்மின் நிலையத்தினுடையது. அரசாணை இருக்கிறது.
“அப்போ எங்க சேத்தை மூடினதுதான்
இப்ப சுவரா எழுந்து நிக்குது” என்றாள் அமுலு.
சிரித்தாளா, தெரியவில்லை.

சுவர் வேண்டாம் என்றார்கள்.
இறாலை யாரும் கண்ணால் பிடிப்பதில்லையாம்.
கழுத்தளவு கலங்கலில்
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால்
பத்து விரலும் சேற்றுக்குள் நடக்கும்.
குழி தட்டும். மீசை தட்டும்.
ஒரு கை அதன் வாசலில், ஒரு கை கொல்லையில்.
அவ்வளவுதான் தொழில்.
“கண்ணுக்கு எதுக்கு சார் படம்?”

ஆக, படிக்கட்டுச் சுவரில்,
சாய்தளத்தின் கைப்பிடிக்குக் கீழே,
உள்ளங்கை தானாய்ப் போய் விழும் உயரத்தில்
பூச்சு காயுமுன் எட்டுப் பெண்கள்
கை வைத்துக்கொண்டே நடந்தார்கள்.
நெளிவு. குழி. திடீரென்று வழுவழுப்பு.
ஓரிடத்தில் மட்டும் சிப்பியின் முதுகு.
கொத்தனார் தயாநிதி மட்டப்பலகையோடு
பாய்ந்து வந்தார், நிரவிவிட.
அவர் கையைப் பிடித்து அமுலு அங்கேயே வைத்தாள்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர்
பலகையைக் கழுவப் போய்விட்டார்.

திறப்பு விழா. மாலை ஆறே முக்கால்.
விருந்தினர் கேட்டார்: ஓவியம் எங்கே?
நான் வாயெடுத்தேன்,
கரண்ட் போனது.
புகைபோக்கிகளின் காலடியில் கரண்ட் போனது.
மாடியிலிருந்து முந்நூறு பேர்
சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார்கள்.
கசமுசாவென்றிருந்த பேச்சு படிப்படியாய் நின்றது.
“இங்க பள்ளமா இருக்கு…
இரு, இரு, இப்படித் திரும்புது…”
யாரோ ஒருவர் இறங்கி முடித்துவிட்டு
இருட்டில் மறுபடி மேலே ஏறினார்.

இப்போது தணிக்கை.
பக்கம் நாற்பத்தேழு, இனம் பதினொன்று:
ஓவியம், சதுர மீட்டரில். நீளம், அகலம்.
டேப்பை வைத்தால் நழுவுகிறது.
நேற்று மதியம், ஆளில்லாத நேரம்,
கண்ணை மூடிக்கொண்டு
கையால் ஒருமுறை போய் வந்தேன்.
ஏழாம் படியருகே விரல் ஒரு குழிக்குள் இறங்கியது.
வாசல்.
கொல்லை எங்கோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.
மேலும் கீழும் துழாவியும் அகப்படவில்லை.

கட்டம் காலி.
தேசம்மாவுக்குத் தொகை பாக்கி.